4.2 × 3.1 மீட்டர் மிக்ஸிங் அறையில் தாழ்ந்த ஸ்வரங்கள் ஏன் காணாமல் போகின்றன?

இரவுக்கலவை

வணக்கம். மிக்ஸிங்கிற்கும் குரல் பதிவுக்கும் என்று ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறேன். நீளம் 4.2 மீட்டர், அகலம் 3.1, உயரம் 2.8. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, ஓடு பதித்த தரை. எட்டு அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டும் அறையின் நீளவாக்கில் பார்த்தபடி நிற்கின்றன. அவற்றின் முகத்துக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் இடையே 80 செ.மீ. என் நாற்காலி அறையின் நட்டநடுவில் இருக்கிறது.

பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால், அந்தத் தாழ்ந்த ஈ ஸ்வரம் இருப்பதே தெரியவில்லை. ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஈ மட்டும் அறையையே நிரப்புகிறது. இங்கே கேட்பதை நம்பி மிக்ஸ் செய்து, பிறகு நல்ல ஹெட்போனில் கேட்டால், அடி ஸ்வரங்கள் அளவுக்கு மீறி நிற்கின்றன. கை தட்டினால் 'டர்ர்ர்' என்று ஓர் ஓசை சுவருக்குச் சுவர் ஓடுகிறது.

சுவர் முழுவதும் ஐந்து செ.மீ. ஃபோம் ஒட்டலாமா? முட்டை அட்டையே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

அலைநீளம்

ஃபோம் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். நீங்கள் கொடுத்த அளவுகளிலேயே பாதி விடை இருக்கிறது.

அறையின் நீளத்தை இரட்டிப்பாக்கி, ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அதனால் வகுங்கள். 343-ஐ 8.4-ஆல் வகுத்தால் 40.8 ஹெர்ட்ஸ். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே அலை ஓடாமல் நின்று ஆடும் முதல் அதிர்வெண் அது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஈ 41.2 ஹெர்ட்ஸ். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

இப்படி நிற்கும் அலைக்கு அழுத்தம் இரு சுவர் ஓரங்களிலும் உச்சத்தில் இருக்கும், நட்டநடுவில் ஏறத்தாழச் சுழியாக இருக்கும். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த நடுவில். அடுத்த நிலையலை இதன் இரட்டிப்பு, 81.7 ஹெர்ட்ஸ். அதற்கு நடுப்பகுதிதான் உச்சம். மேல் ஸ்தாயி ஈ 82.4 ஹெர்ட்ஸ். ஆகவே ஒரு ஈ மறைவதும் மற்றொரு ஈ வீங்குவதும் ஒரே காரணத்தால்தான். ஸ்பீக்கரில் பழுது இல்லை, உங்கள் காதிலும் பழுது இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 4.2-க்கும் 2.8-க்கும் உள்ள விகிதம் சரியாக 3:2. நீளத்தின் மூன்றாவது நிலையலை 122.5 ஹெர்ட்ஸ், உயரத்தின் இரண்டாவதும் 122.5 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே இடத்தில் குவிகின்றன. ஆண்குரலின் அடிப்பகுதி, கிட்டாரின் கீழ்க்கம்பிகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இந்த அறையில் உங்களை நீண்டகாலம் தொல்லைப்படுத்தப் போவது அதுதான்.

இன்றே செலவில்லாமல் செய்யக்கூடியது: நாற்காலியை முன்னே நகர்த்துங்கள். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 விழுக்காடு தொலைவு, அதாவது 1.6 மீட்டர், நல்ல தொடக்கப் புள்ளி. அங்கே 41 ஹெர்ட்ஸ் திரும்பிவரும், 82 கொஞ்சம் தணியும். 38 என்பது மாறாத விதி அல்ல. அங்கிருந்து முன்னும் பின்னும் பத்து பத்து செ.மீ. நகர்த்தி, அளந்து, சிறந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மின்னோசை

இப்போது அறையைத் திருத்தும் மென்பொருள்கள் வந்துவிட்டனவே. மைக்கை வைத்து அளந்தால் அதுவே குறைந்த இடத்தை ஏற்றிவிடும், மிகுந்த இடத்தை இறக்கிவிடும். சுவரில் ஆணி அடிக்கவே வேண்டாமே?

அகலத்தையும் விட்டுவிட்டீர்கள். 3.1 மீட்டருக்கு 55.3 ஹெர்ட்ஸ் வருகிறது. பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அகலத்தில் எல்லோரும் நடுவில்தானே உட்காருகிறோம், அந்த ஸ்வரமும் போய்விடாதா?

அலைநீளம்

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அகலத்தின் முதல் நிலையலையில் இடப்பாதியும் வலப்பாதியும் எதிரெதிராக ஆடுகின்றன. பேஸ் இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாக வருகிறது. ஸ்பீக்கர்கள் பக்கச் சுவர்களிலிருந்து சம தொலைவில் இருந்தால், ஒன்று அந்த அலையை எழுப்பும்போது மற்றொன்று அமுக்குகிறது. அதனால் அந்த நிலையலை பெரிதாக எழுவதே இல்லை; அதனால் இழப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. ஒரு பக்கம் அலமாரி, மறுபக்கம் திறந்த கதவு என்று சமச்சீர் குலைந்தால் இந்தக் கணக்கும் குலைந்துவிடும். அறையின் இடதும் வலதும் ஒத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மென்பொருள் பற்றி: மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. நேரே வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதால் பள்ளம் உண்டாகிறது. நீங்கள் நேரொலியைக் கூட்டினால், திரும்பிவருவதும் அதே அளவு கூடும், அழிவும் அதே அளவு நடக்கும். 10 டெசிபல் ஏற்றுவது என்றால் பத்து மடங்கு மின்திறன். ஸ்பீக்கர் திணறுமே தவிர ஸ்வரம் வராது. மேலும் அந்தத் திருத்தம் மைக் இருந்த இடத்துக்கு மட்டும் உரியது. தலையை முழம் தள்ளினால் வேறு அறை.

அறையைச் சீர்செய்து முடித்த பிறகு, மிஞ்சியிருக்கும் ஓரிரு மேடுகளைத் தணிக்க மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அந்த வரிசையில் செய்தால் அது உண்மையிலேயே உதவும்.

தச்சுமேசை

நான் ஸ்டூடியோக்களுக்குப் பேனல் அடித்துக் கொடுப்பவன். ஃபோம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து செ.மீ. ஃபோமை அறை முழுக்க ஒட்டினால், மேல் அதிர்வெண்கள் எல்லாம் உறிஞ்சப்படும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் வேலை மிகச் சொற்பம். முடிவில் அறை காதுக்கு அடைத்ததுபோல் இருக்கும், பேஸ் முழக்கம் மட்டும் அப்படியே இருக்கும். இப்போதைவிட மோசமாகத் தோன்றும், ஏனென்றால் அதை மறைத்துக்கொண்டிருந்த மேல் ஒலிகள் போய்விட்டன.

முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். அதில் ஒலியை உறிஞ்சும் கனமும் இல்லை, ஆழமும் இல்லை. அதன் மேடுபள்ளம் உயர்ந்த அதிர்வெண்களைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தீ. பொட்டலம் கட்டப் பயன்படும் சாதாரண பாலியுரேத்தேன் ஃபோம் நொடிகளில் பற்றிக்கொள்ளும், அதன் புகை நஞ்சு. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'ஸ்டேஷன்' இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கை சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் 'கிஸ்' விடுதியில் அதே கதை, 242 உயிர்கள். உங்கள் அறையில் வாணவேடிக்கை இருக்காது. ஆனால் மின்கம்பிகளும் சூடேறும் கருவிகளும் இருக்கின்றன, கதவு ஒன்றுதான். தீத்தாங்கும் சான்று இல்லாத ஃபோமை நான் எந்த அறையிலும் ஏற்றுவதில்லை.

ராக் வூல் அல்லது கிளாஸ் வூல் பலகைகளை வாங்குங்கள். அவை எரியாத கனிம இழைகள். வெட்டும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

அலைநீளம்

தச்சுமேசை ஐயா சொன்னதற்கு மேல் ஏன் ஆழம் வேண்டும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலோர் பணத்தை இழக்கிறார்கள்.

இழைப் பலகை ஒலியை எப்படி விழுங்குகிறது? காற்றுத் துகள்கள் இழைகளுக்கிடையே முன்னும் பின்னும் அசையும்போது உராய்வில் ஆற்றல் வெப்பமாகிறது. ஆக, துகள் வேகமாக அசையும் இடத்தில்தான் அதற்கு வேலை. சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்தம் உச்சம், அசைவு சுழி. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி வந்தால்தான் அசைவு உச்சம். 1000 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 8.6 செ.மீ. 100 ஹெர்ட்ஸுக்கு 86 செ.மீ. 41 ஹெர்ட்ஸுக்கு 2.1 மீட்டர்.

முழுக் கால் அலைநீளம் தேவை என்று பொருள் இல்லை. அதில் ஒரு பகுதி இருந்தாலே பயன் தொடங்கிவிடும். பத்து செ.மீ. பலகைக்குப் பின்னால் பத்து செ.மீ. காற்றிடைவெளி விட்டால், பலகைக்குச் செலவு கூடாமலே அதன் எல்லை நன்றாகக் கீழே இறங்கும். மூலைகளில் குறுக்காக நிறுத்தினால் பின்னால் இன்னும் ஆழம் கிடைக்கிறது, அறையின் எல்லா நிலையலைகளுக்கும் மூலைதான் முடிவிடம்.

பலரும் தவறவிடும் ஒரு செய்தி: அடர்த்தி கூடினால் நல்லது என்ற எண்ணம் தடிமனோடு பொருந்திப் போவதில்லை. பத்து செ.மீ. பலகைக்குக் கன மீட்டருக்கு 48 கிலோ அளவில் இருப்பது நன்று. முப்பது, நாற்பது செ.மீ. ஆழத்துக்கு நிரப்பும்போது அதைவிட இலகுவான, காற்று எளிதில் புகும் பஞ்சுதான் தாழ்ந்த அதிர்வெண்ணில் நன்றாக வேலை செய்யும். மிகவும் இறுகியதை அடுக்கினால் ஒலி உள்ளே போகாமல் முகப்பிலிருந்தே திரும்பிவிடும்.

வீணைவிரல்

நான் வீணையும் மிருதங்கமும் பதிவு செய்பவள். அறையை இப்படி முழுக்க அமுக்கிவிட்டால் வாசிப்பவருக்கு உயிரே போய்விடாதா? தந்தியின் நாதம் அடங்குவதைக் காதால் கேட்டுத்தான் அடுத்த மீட்டு வருகிறது. முழக்கம் இல்லாத 'உலர்ந்த' அறையில் வாசிப்பவர்கள் தங்களை அறியாமல் அழுத்தி வாசிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டிஃப்யூசர் வைத்து ஒலியைச் சிதறவிட்டால் போதாதா?

அலைநீளம்

அம்மா, வாசிப்பவரைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் பெரிய கூடத்தின் முழக்கமும் 36 கன மீட்டர் அறையின் முழக்கமும் ஒன்றல்ல. கூடத்தில் எதிரொலி தாமதமாக, அடர்த்தியாக, எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. சிறிய அறையில் முதல் எதிரொலிகள் ஓரிரு மில்லிநொடிகளில் வந்து நேரொலியோடு கலந்துவிடுகின்றன. ஒரு மில்லிநொடி தாமதம் என்றால் 34 செ.மீ. கூடுதல் பாதை. அது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் தோண்டும். பதிவில் அது செழுமையாகக் கேட்காது, பெட்டிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். பிறகு அதை நீக்கவும் முடியாது. உலர்ந்த பதிவுக்கு முழக்கம் சேர்க்கலாம். வாசிப்பவரின் ஹெட்போனில் வாசிக்கும்போதே கொஞ்சம் முழக்கத்தைக் கலந்து கொடுங்கள், அழுத்தி வாசிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

டிஃப்யூசர் நல்ல கருவிதான். வெவ்வேறு ஆழமுள்ள குழிகள் கொண்ட பலகை; ஜெர்மன் இயற்பியலாளர் மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1970-களில் எண் கோட்பாட்டிலிருந்து எடுத்த வடிவம் அது. ஏழு குழிகள் கொண்டதற்கு ஆழ வரிசை 0, 1, 4, 2, 2, 4, 1. 700 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்ய ஆழமான குழி 14 செ.மீ. இருந்தால் போதும். ஆனால் அதற்குக் கீழே அதனால் பயன் இல்லை, காது மிக அருகில் இருந்தால் சிதறல் ஒன்றுசேர இடமும் இல்லை. பேஸை முடித்துவிட்டு, இடம் மிஞ்சினால், பின்சுவருக்கு யோசிக்கலாம்.

வீணைவிரல்

ஹெட்போன் யோசனையைச் செய்து பார்க்கிறேன். ஆனாலும் தரையை மூடாமல் விட வேண்டும் என்பதில் நான் உறுதி. வாசிப்பவர் தரையில் அமரும்போது, மரத்தரையிலிருந்து வரும் அந்த ஒரு எதிரொலி வீணைக்கு உடலைக் கொடுக்கிறது. கூரையை எவ்வளவு வேண்டுமானாலும் மூடுங்கள், தரையை விட்டுவிடுங்கள்.

அலைநீளம்

ஏற்கிறேன். தரை கடினமாக, கூரை மென்மையாக என்பதையே நானும் விரும்புகிறேன். தடித்த கம்பளம் மேல் ஒலிகளை மட்டும் தின்னும், அதை அறையின் எஞ்சிய பகுதிகளிலேயே நாம் போதுமான அளவு செய்யப் போகிறோம்.

மாடிவீடு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்தப் பேனல்களை வைத்தால் பக்கத்து அறைக்கு ஓசை போவது நிற்குமா?

தச்சுமேசை

நிற்காது தம்பி. அது வேறு வேலை. உள்ளே ஒலியைச் சீராக்குவதற்குக் காற்று புகும் பஞ்சு வேண்டும். வெளியே போகாமல் தடுப்பதற்குக் கனமும், காற்று புகாத இறுக்கமும், ஒன்றையொன்று தொடாத இரட்டைச் சுவரும் வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கோட்பாட்டின்படி 6 டெசிபல்தான் குறையும். முதலில் கதவின் அடியில் உள்ள இடுக்கை அடையுங்கள். அந்த இடுக்கு இருக்கும்வரை சுவரில் செய்யும் எதுவும் வீண். ஆனால் காற்று வர வேறு வழி வைக்காமல் அறையை அடைத்துவிடாதீர்கள். மேற்கொண்டு பேச வேண்டுமென்றால் தனி விவாத இழை தொடங்குங்கள், விரிவாக எழுதுகிறேன்.

மின்னோசை

எத்தனை பேனல் வேண்டும் என்று கணக்கிட வழி உண்டா? கண்மூடித்தனமாக வாங்க எனக்கு மனமில்லை.

அலைநீளம்

உண்டு. 1895-இல் ஹார்வர்டின் ஃபாக் கலைக்கூட விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் அடங்க ஐந்து நொடிக்கும் மேல் ஆனது. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்த வாய்பாடு: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் நொடிகளில் வரும்.

இந்த அறை 36.5 கன மீட்டர். 0.3 நொடி வேண்டுமானால் ஏறத்தாழ 20 சதுர மீட்டர் முழு உறிஞ்சும் பரப்பு தேவை. அறையின் எல்லா முகங்களும் சேர்ந்தே 67 சதுர மீட்டர்தான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கேட்பறை வழிகாட்டி இந்தக் கன அளவுக்குக் கேட்பது இன்னும் குறைவு, 0.18 நொடி அளவில். நான்கு பேனல் மாட்டிவிட்டு அறை மாறவில்லையே என்று வருந்துபவர்களுக்குக் காரணம் இந்த எண்ணில் இருக்கிறது.

ஆனால் சபைனின் வாய்பாடு ஒலி எல்லாத் திசையிலும் பரவியிருக்கும் அறைக்கு உரியது. இந்த அளவு அறையில் ஏறத்தாழ 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த நிலை இல்லை, அங்கே தனித்தனி நிலையலைகளின் ஆட்சி. ஆகவே அந்தப் பகுதியைக் கணக்கால் தீர்க்காமல் அளந்து தீர்க்க வேண்டும். எல்லாத் திசையும் கேட்கும் அளவீட்டு மைக் ஒன்று, ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள், இவை போதும். மைக்கைக் காது இருக்கும் இடத்தில் நிறுத்தி, இடது ஸ்பீக்கரைத் தனியே, வலதைத் தனியே, பிறகு இரண்டையும் சேர்த்து அளந்து பாருங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரைகோட்டை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது பள்ளங்களை மறைத்துவிடும்.

இரவுக்கலவை

மைக்கை இரவல் வாங்கி அளந்தேன். நாற்காலியை நடுவிலிருந்து 1.6 மீட்டருக்கு நகர்த்தினேன். 41 ஹெர்ட்ஸில் இருந்த ஆழமான பள்ளம் பெரும்பகுதி மேலெழுந்துவிட்டது. பேஸ் வாசித்த நண்பர் கம்பி மாற்றினாயா என்று கேட்டார். 82 இன்னும் அடங்க நேரம் எடுக்கிறது. 122-இல் நீங்கள் சொன்ன மேடு அப்படியே நிற்கிறது. புதிதாக ஒன்று: 107 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மையான பள்ளம், இரண்டு ஸ்பீக்கரிலும். அது எந்த நிலையலைக் கணக்கிலும் வரவில்லை.

அலைநீளம்

அது உங்கள் 80 செ.மீ. தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரின் பின்பக்கமும் பரவுகிறது, சுவரில் பட்டு 1.6 மீட்டர் கூடுதலாகப் பயணித்துத் திரும்புகிறது. அந்தத் தொலைவு எந்த அதிர்வெண்ணுக்கு அரை அலைநீளமோ அங்கே இரண்டும் எதிராகச் சந்திக்கும். 343-ஐ 3.2-ஆல் வகுங்கள், 107.

ஸ்பீக்கரைச் சுவரோடு நெருக்குங்கள். முகம் சுவரிலிருந்து 35 செ.மீ. என்றால் பள்ளம் 245 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே பத்து செ.மீ. பலகையே அதை அடக்கும். 107-இல் அடக்கப் பெரும்பாடு படவேண்டும். பின்னால் காற்றுத்துளை உள்ள ஸ்பீக்கரானால் ஐந்து முதல் பத்து செ.மீ. இடைவெளி விடுங்கள். சுவரை நெருங்கினால் பேஸ் ஒட்டுமொத்தமாகக் கூடும், ஸ்பீக்கரின் பின்புறத் திருகியில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் நகர்ந்ததும் இரு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சேர்ந்த முக்கோணம் மாறும், மீண்டும் அளந்து பாருங்கள்.

பிறகு பக்கச் சுவர்கள். நீங்கள் நாற்காலியில் இருக்க, ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும். எங்கே கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே முதல் எதிரொலி பிறக்கிறது. அங்கே பலகை. கைதட்டலின் 'டர்ர்ர்' பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

மின்னோசை

82-ஐயும் 41-ஐயும் உறிஞ்ச அதிரும் தகடு வைத்த பெட்டிகள் செய்யலாமா? வாய்பாடு பார்த்தேன்: 60-ஐ, தகட்டின் சதுர மீட்டர் எடையும் மீட்டரில் பெட்டியின் ஆழமும் பெருக்கியதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 10 கிலோ தகடு, 21 செ.மீ. ஆழம் என்றால் 41 வருகிறது.

தச்சுமேசை

கணக்கு சரி. ஆனால் உள்ளே பஞ்சு நிரப்பினால் 60 என்பது 50-ஐ நெருங்கும், அப்போது பெட்டி இசைந்து அதிரும் அதிர்வெண், அதாவது இசைவு, கீழே போய்விடும். பெட்டி காற்று புகாமல் அடைக்கப்பட்டிருக்க வேண்டும், தகட்டின் விளிம்பு இறுகினாலும் இசைவு நகரும். நான் செய்யும்போது தகட்டைத் திருகாணியில் மட்டும் மாட்டி, மேலே எடை சேர்த்தும் குறைத்தும், அறையில் அளந்த பிறகே நிலையாகப் பொருத்துவேன். அனுபவம் வந்த பிறகு செய்யுங்கள். இப்போதைக்குப் பின்சுவரில் முப்பது செ.மீ. ஆழத்துக்கு இலகுவான பஞ்சை நிரப்பிச் சட்டம் அடிப்பது மேல். 82-ஐ அது முழுதாகத் தீர்க்காது, ஆனால் அடங்கும் நேரத்தை நன்றாகக் குறைக்கும்.

இரவுக்கலவை

பின்சுவரும் நான்கு மூலைகளும் முடிவாகிவிட்டன. 122-க்கு என்ன செய்வது? துணி எது போடலாம்?

அலைநீளம்

122-இல் பாதி கூரைக்கும் தரைக்கும் இடையே நடப்பது, அதனால் கூரையில்தான் கைவைக்க வேண்டும். நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் மேலே 15 செ.மீ. தடிமனில் தொங்கும் பலகை, அதற்கும் கூரைக்கும் இடையே 25 செ.மீ. காற்று. 2.8 மீட்டர் உயரத்தில் அந்த 40 செ.மீ.-ஐ நீங்கள் தாராளமாகக் கொடுக்கலாம். தலைக்கு மேல் இடிக்காது. அகலமாகப் போடுங்கள், குறைந்தது 2.4-க்கு 1.8 மீட்டர். மறுபாதியை நீங்கள் முடிவு செய்த பின்சுவர் பார்த்துக்கொள்ளும்.

தச்சுமேசை

தொங்கவிடும் கொக்கியைப் பூச்சில் அல்லாமல் கான்கிரீட்டில் இறக்குங்கள், ஒவ்வொரு பலகைக்கும் நான்கு கொக்கி. சட்டத்தின் எடையையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். துணிக்கு ஒரே சோதனை: வாயை வைத்து ஊதுங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போனால் அந்தத் துணி ஆகும். தோல் போன்றதும் நெகிழித் தாள் ஒட்டியதும் மேல் ஒலிகளைத் திருப்பி அனுப்பிவிடும். கூரைப் பலகையின் மேற்புறத்தையும் மெல்லிய துணியால் மூடுங்கள், இழை உதிர்ந்து உங்கள் தலையில் விழக்கூடாது. அளவுகளைப் போட்டுவிட்டு வெட்டும் பட்டியலை இங்கேயே இடுங்கள், மரம் வீணாகாமல் வெட்ட வழி சொல்கிறேன்.